இரண்டு நிமிட வெயில்

மேலே படும் வெயிலை எண்ணும் ஜெனோவாவின் மணிக்கட்டுப் பட்டையில் இந்தப் படிப்புப் பருவத்துக்கு இன்னும் இரண்டு நிமிட வெயில்தான் மிச்சமிருந்தது. அது தீர்ந்தால் திங்கட்கிழமை தேர்வு எழுத முடியாது. தன் தோலையே காக்கத் தெரியாதவர் டாக்டராகக் கூடாது என்பது மருத்துவக் கல்லூரியின் விதி. குடைக்கெல்லாம் பட்டை மசியாது.

வெயில் பாதுகாப்புப் பாடத்தில் அவள்தான் வகுப்பில் முதல்.

நண்பகலில் அப்பா மிக்கேல் உப்பளத்திலிருந்து நேரே மீன்குழம்புத் தூக்குவாளியோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். வெளியாட்களுக்கு உள்ளே அனுமதியில்லை. வராந்தாவுக்கும் கேட்டுக்கும் நடுவே வெட்டவெளி.

"வந்துட்டுப் போகத்தான் நேரம் சரியா இருக்கும்ப்பா. நின்னு பேச முடியாது," என்று வராந்தாவிலிருந்தே கத்தினாள்.

"அப்ப மேகம் வரட்டும் தாயி. நான் நிக்கேன்."

உப்பு கரைந்துவிடும் என்று முப்பது வருடமாக மேகத்தைத் திட்டித் தீர்த்த மனிதர், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அதற்காகவே வானத்தைப் பார்த்து நின்றார். முக்கால் மணி நேரம் கழித்து ஒன்று வந்தது, வெள்ளையாய், மெல்லிசாய்.

"வந்துட்டு பாரு. இப்ப வா," என்றார், அவரே இழுத்து வந்ததைப்போல.

மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. போன தேர்வில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. அவள் சரியாக எழுதியிருந்தாள்.

ஜெனோவா படியிறங்கி, அவசரப்படாமல் நடந்துபோய்த் தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். அம்மாவின் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள் பட்டை பூஜ்யத்தைத் தொட்டுக் கீச்சிட்டது.

"என்னட்டி அது?"

"மேகம் வந்திருக்குன்னு சொல்லுதுப்பா."