மதில் எங்கே?

"இஞ்சேருங்கோ, உங்கட மாளிகைக்கு மதில் எங்க? மாடெல்லாம் வாசல்ல வந்து படுக்கப்போகுது."

சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த கிருபானந்தன் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் படம் வரைபவராக இருந்தவர். மொன்றியலில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். லீவு நாட்களில் நூலகப் புத்தகமொன்றைப் பார்த்து, இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் பழைய மாளிகையைக் கீறுவார். நடுவாசலுக்கு இருபுறமும் ஒரே அளவாக யன்னல்கள். குசினியிலிருந்து சாப்பாட்டறைக்கு ஒரு மைல் நடக்கவேண்டும் என்று மனைவி சிவாஜினி பகிடி பண்ணுவாள். முன்னால் புல்வெளி, அதற்கப்பால் மாடுகள். இடையில் ஒன்றுமில்லை. எல்லை வேலிக்காகப் பதினொரு வருசம் கோட்டுக்கு அலைந்தவரின் மகள் அவள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவர் குனிந்து, மேசையிலிருந்த படத்தாளில் பென்சிலால் ஏதோ எழுதினார்.

"உமக்குத்தான் எழுதினனான். பின்னேரம் வந்து விளங்கப்படுத்துறன்."

அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வேலைக்குப் போகும் வழியில், மெட்ரோப் படியில் அவருக்கு மாரடைப்பு. அது 2003 தை மாதம்.

செத்தவீடு முடிந்தபிறகுதான் தாளைப் பார்த்தாள். மதில் வரவேண்டிய இடத்தில் இரண்டே சொல்: 'ஹா ஹா'.

அதன்பிறகு அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தாளை அலுமாரியில் வைப்பாள், எடுப்பாள், மேசையில் விரித்துவிட்டு யன்னலடிக்குப் போவாள், திரும்பி வருவாள். இரண்டு தரம் அழிறப்பரை எடுத்தாள். அவருடைய கையெழுத்து. அழிக்க மனம் வரவில்லை.

பங்குனியில் புத்தகத்தைக் கேட்டு நூலகத்திலிருந்து மூன்றாவது கடிதம் வந்தது. கீழ்வீட்டு ஜொய்சி, தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள்.

சிவாஜினி தாளையும் நீட்டினாள். "இதையும் எங்கையாவது எறிஞ்சுவிடும். மதில் கேட்டதுக்கு என்னைப் பாத்துச் சிரிச்சுப்போட்டுப் போயிட்டார். கடைசிச் சொல்லே அதுதான்."

ஜொய்சி தாளைப் பார்த்தாள். புத்தகத்தில் அவர் பஸ் டிக்கெட் செருகியிருந்த பக்கத்தை விரித்து வாசித்தாள். பிறகு மெல்லக் கதிரையில் இருந்தாள்.

"அக்கா, இது சிரிப்பில்லை. அதுக்குப் பேரே ஹா ஹாதானாம். பள்ளம் வெட்டி, அதுக்குள்ள கட்டுற மதில். மாடு தாண்டாது. அண்ணை உங்களுக்கு மதில் வச்சிட்டுத்தான் போயிருக்கிறார்."

சிவாஜினி தாளைத் திரும்ப வாங்கினாள். கனநேரம் பார்த்தாள்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே, ஜொய்சி."

"வீட்டுக்குள்ளையிருந்து பாத்தா அது தெரியாதாம், அக்கா. அப்பிடித்தான் கட்டுறது."