ஒருக்களித்து நுழைந்த வார்த்தை

ஷெப்பர்டன் ஊரின் பழக் கிடங்கில் நோலீன் உட்காரும் சாப்பாட்டு மேஜையில் வேறு யாருக்கும் பேச இடமிருக்காது.

எட்டு மாதமாக மாசூமாவுக்கு அவள் பக்கத்து நாற்காலி. ஆப்கானிஸ்தானில் எந்த ஊர் என்று யாராவது மாசூமாவைக் கேட்டால், பதில் நோலீனிடமிருந்து வரும். பேச்சு அங்கிருந்து நோலீனின் முழங்கால் வலிக்குப் போகும், அவள் நாய்க்குப் போகும், அதற்குள் மணி அடித்துவிடும்.

மாலை ஆங்கில வகுப்பில் மாசூமா இதைச் சொல்லிக் குமுறினாள். அப்படிப்பட்டவர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்வார்கள் என்று டீச்சர் பலகையில் எழுதிப் போட்டார். 'இடையில் ஒரு வார்த்தையை ஒருக்களித்துக்கூட நுழைக்க முடியவில்லை.'

மாசூமாவுக்கு அது பிடித்துப்போனது. நெரிசலான பஸ்ஸில் ஏறுவது போல இருந்தது. ஒரு வாரம் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் அதையே சொல்லிப் பார்த்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் கிரெய்க் சாப்பாட்டு அறைக்கு வந்தார். தரம் பார்க்கும் பிரிவில் ஓர் இடம் காலி, சம்பளமும் கூட. ஆனால் வாய் திறந்து பேசுகிற ஆள் வேண்டும்.

"மாசூமா, நீ வர்றியா?"

"அவ இங்கயே நல்லாத்தான் இருக்கா," என்று நோலீன் ஆரம்பித்தாள். "அங்க ஒரே குளிரு. போன வருஷம் என் முழங்கால்..."

மாசூமா எழுந்தாள்.

"நோலீன், நீங்க பேசினா ஒரு வார்த்தையை ஒருக்களிச்சுக்கூட என்னால நுழைக்க முடியல. எனக்கு அந்த வேலை வேணும். எனக்காக நானே பேசிக்கிறேன்."

திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டு கிரெய்க் போனார்.

நோலீன் முகத்தைப் பார்க்க மாசூமாவுக்குத் துணிவில்லை. நோலீன் ஒரு கோப்பை டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"முதல் நாள் யாரோ பேரு கேட்டதுக்கே பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதியே கண்ணு, வெளியில நான் நின்னுட்டிருந்தேன். உன்கிட்ட யாரும் எதுவும் கேட்டுடக் கூடாதுன்னுதான் அன்னிலேருந்து வாயை மூடல."

நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"இனிமே மூடிக்கலாமில்ல? வீட்டுல எனக்கு ஊமைக்கோட்டான்னுதான் பேரு."