பூனை மிஸ் பண்ணியது

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் பின்னால் ஒரு கொய்யா மரம் இருந்தது. அதில் ஓர் அணில் குடியிருந்தது. ஒருநாள் காலையில் மரத்தடியில் ஒரு பூனை வந்து உட்கார்ந்து, அணிலை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டது.

"நேத்து உன்னை மிஸ் பண்ணிட்டேன்" என்றது பூனை.

அணிலுக்கு இங்கிலீஷ் தெரியாது. வகுப்புச் சுவரில் வசிக்கும் பல்லியிடம் போய்க் கேட்டது.

"மிஸ் பண்றதுன்னா ஒருத்தரைப் பார்க்க முடியாம மனசு ஏங்கறது" என்றது பல்லி. "போன வாரம்தான் டீச்சர் போர்டுல எழுதிப் போட்டாங்க."

அணிலுக்கு நெஞ்சு உருகிவிட்டது. இப்படி ஒரு நல்ல மனசைக் கண்டா இத்தனை நாள் ஓடினோம் என்று வருந்தியது. பழுத்த கொய்யா ஒன்றைக் கவ்விக்கொண்டு கீழே இறங்கி, பூனையின் எதிரில் வைத்தது.

பூனை கொய்யாவைப் பார்க்கவே இல்லை. அணில்மேல் பாய்ந்தது. அணில் எப்படியோ தப்பி மரத்தில் ஏறிவிட்டது. ஆனால் பாதி வால் பூனையின் வாயிலேயே தங்கிவிட்டது.

அணில் பல்லியிடம் வந்து நடந்ததைச் சொன்னது.

பல்லி கொஞ்சம் யோசித்தது. "பிடிக்கப் போய்க் கோட்டை விடறதுக்கும் அதே வார்த்தைதான்னு டீச்சர் ஏதோ சொன்னாங்க. அந்த நேரம் பார்த்து ட்யூப்லைட் பக்கம் ஒரு பூச்சி வந்தது, நான் போயிட்டேன்."

அணில் தன் அரை வாலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"அதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வெச்சுக்கறே?" என்றது பல்லி. "வால்தானே, ஒரு மாசத்துல முளைச்சுடும். எனக்கு முளைச்சுதே."