எதிர்ப்பு வாக்கு

எங்கள் ஊர்மேல் விழும் குண்டுகளை நிறுத்தச் சொல்லும் தீர்மானத்துக்குப் பதினான்கு நாடுகள் கை தூக்கின. அந்தக் குண்டுகளை விற்கும் பெரிய நாடு தூக்கவில்லை. அது ஒன்று மறுத்தால் போதும், தீர்மானம் செத்துவிடும். அதன் தூதர் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார். நான் மொழிபெயர்ப்பாளர், அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். அது தொழில் விதி. எங்கள் ஊர் வானொலிக்கு என் மொழியில் சொன்னேன்: “நான் இதை எதிர்க்கிறேன்.” குரல் நடுங்கக் கூடாதென்று பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நடுங்கவில்லை.

வெளியே வந்ததும் ஊர்ப் பதுங்குகுழியிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டாள்.

“படிச்ச பொண்ணு பேசப்போறான்னு எல்லாரையும் ரேடியோவச் சுத்தி உக்கார வெச்சேன்டி, பூரணி. இப்ப ஒருத்தரும் எம் மொகத்தப் பாக்கல. நீ ஏன்டி வேணாம்னு சொன்ன?”