நலம் விசாரிக்க வந்தவர்

ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வருகிறவர் எதற்கு ஆப்பிள் வாங்கி வர வேண்டும்?

சும்மா நலம் விசாரிக்க வந்ததாகச் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செல்போனை மேசைமேல் வைத்தார். திரையில் ரெக்கார்டிங்கின் சிவப்புப் புள்ளி மினுங்கியது.

கட்டிலில் சாய்ந்திருந்தவள் உஷாரானாள்.

முதுகெலும்பில் நசுங்கிப்போன டிஸ்க்கை எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் வைக்க வேண்டும். வைத்தால் எழுந்து நடப்பாள். கம்பெனி ஒப்புக்கொண்டால்தான் ஆபரேஷன். பாலிசி எடுப்பதற்கு முன்பே வலி இருந்தது என்றால் கையை விரித்துவிடுவார்கள்.

வலி வந்தது பாலிசி எடுத்த பிறகு, போன ஆடியில்தான். வேகத்தடையில் ஸ்கூட்டர் தூக்கிப்போட்டது. அதுவரை காஸ் சிலிண்டரை ஒற்றை ஆளாய்த் தூக்கி வைத்தவள் அவள்.

வந்தவர் எப்படியெப்படியோ கேட்டுப் பார்த்தார். சின்ன வயதில் விழுந்ததுண்டா? பிரசவத்துக்குப் பிறகு?

இல்லை. இல்லவே இல்லை.

மாமியார் காப்பியோடு வந்தாள். எழுந்திருக்க முடியாதவளை 'நடிக்கிறா' என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்த வாய். இவரிடமும் அதையே சொன்னால் தொலைந்தது.

மாமியார் அதைச் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவமுங்க எம் மருமவ. கண்ணாலமாயி வந்த நாள்லருந்தே இந்த முதுகுவலிதானுங்க. பல்லைக் கடிச்சுட்டு இத்தனை வருசமா ஆக்கிப் போட்டாளுங்க. நீங்கதான் தம்பி பார்த்துப் பண்ணோணும்."

உதவி கேட்கிற இடத்தில் கஷ்டத்தைக் கூட்டித்தான் சொல்ல வேண்டும். மாமியாருக்குத் தெரிந்த முறை அது.

அத்தை தெரியாமல் சொல்கிறார் என்று அவள் பதறினாள். வந்தவர் சிரித்தார். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கேட்டைச் சாத்திவிட்டு வந்த மாமியார் கட்டிலோரம் உட்கார்ந்தாள். இதுவரை உட்கார்ந்ததில்லை. மெல்ல அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

"நல்லா எடுத்துச் சொன்னேனில்ல கண்ணு?"

அவள் அந்த முகத்தில் தேடித் தேடிப் பார்த்தாள். கள்ளம் ஒன்றும் அகப்படவில்லை. இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள்.

"நல்லாச் சொன்னீங்க அத்தை."