இரவல் போன டிரெய்லர்

"யாரைக் கேட்டு இதை வெட்டினான் உன் தம்பி?"

செடிக்கடைக்காரர் கேட்டது மனைவியை. கண் மட்டும் டிரெய்லரை விட்டு நகரவில்லை.

மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன டிரெய்லர் அது. பூந்தொட்டியும் உர மூட்டையும் ஏற்றிப் போவதற்காக அவரே யோசித்து, பழைய இரும்பு தேடி வாங்கி, பக்கத்தில் நின்று செய்ய வைத்தது. வீடு மாற்றவேண்டும், சாமான் ஏற்ற வண்டி கிடைக்கவில்லை என்று மச்சினன் வந்து நின்றபோது மறுபேச்சில்லாமல் கொடுத்தனுப்பினார். மறுநாளே தருகிறேன் என்று வாங்கிப் போனவன், நாளைக்கு, நாளைக்கு என்று போனிலேயே இழுத்தடித்தான். இன்று காலை யாரோ ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் கொண்டுவந்து வாசலில் விட்டார். என்ன ஏது என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

பெட்டியின் பின்பக்கத்தை வெட்டிக் குறைத்திருந்தார்கள். நடுவில் இருந்த சக்கரங்கள் பின்னால் தள்ளிப் போயிருந்தன. வண்டியோடு மாட்டுகிற பைப் முன்னைவிட நீளம். கொக்கியும் புதுசு. வெல்டிங் வைத்த இடமெல்லாம் பெயின்ட் போய்க் கருகிக் கிடந்தது.

"பின்னால இருந்த ஒரு வரிசைத் தொட்டியை இனிமே உன் தம்பி தலையிலயா வைக்கிறது?"

இந்த நீளத்துக்கு நம் சந்தில் திரும்புமா, சுவரில் இடிக்காதா என்று அடுத்த கேள்வி. ஒரு தடவை இழுத்துத்தான் பாருங்களேன் என்றாள் மனைவி. அவன் வெட்டினதை நான் தொடமாட்டேன் என்றார். அப்படியென்றால் அவனையே கேளுங்கள் என்றாள்.

கேட்டார். மச்சினன் நிதானமாகத்தான் பேசினான். டிரெய்லர் கொஞ்சம் ஆடியதாம். பாரம் பின்னால் சாயாமல், வண்டியை ஒட்டி நேராக வருகிற மாதிரி மாற்றச் சொன்னானாம். இனி இழுக்க சுகமாக இருக்குமாம்.

"நான் உன்கிட்ட சுகம் கேட்டேனா? இத்தனை வருஷமா இழுக்கிறேன், ஒருநாளும் ஆடினதில்ல. ஓட்டத் தெரியாதவன் கையில கொடுத்தேன் பாரு, அது என் தப்பு."

பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்தார்.

வைத்தும் ஆறவில்லை. ரோஜாச் செடி வாங்க வந்த ஒரு அம்மாள், எந்த நிறம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் மச்சினனின் முழு வரலாறும் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனாள். எதிர் சைக்கிள் கடைக்காரர் வந்து டிரெய்லரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, என் பொருளாக இருந்தால் நான் சும்மா விடமாட்டேன் என்று தன் பங்குக்கு ஏற்றிவிட்டுப் போனார்.

சாயங்காலம் சீக்கிரமே கடையைச் சாத்தினார். நேரில் போய் நாலு வார்த்தை கேட்டால்தான் இன்றைக்குச் சாப்பாடு இறங்கும் என்றார். டிரெய்லரைக் கடையிலேயே போட்டுவிட்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழிநெடுக ஒத்திகை. அக்கா வீட்டுப் பொருள் என்றால் இளக்காரமா, ஒரு வார்த்தை கேட்டால் வாய்முத்து உதிர்ந்துவிடுமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்.

மச்சினனின் மனைவி கதவைத் திறந்தாள். புது வீட்டில் பாதி மூட்டைகள் இன்னும் அவிழ்க்காமலே கிடந்தன. நடுவில் ஒரு நாற்காலியில் மச்சினன். இடது தோளிலிருந்து மார்புவரை கட்டு. கன்னத்தில் தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, என்னப்பா ஆச்சு என்று கேட்டார் செடிக்கடைக்காரர்.

அவன் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று மழுப்பினான். அவன் மனைவிதான் சொன்னாள். பாலத்து இறக்கத்தில், பீரோ ஏற்றிய டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்ததாம். பிரேக்கைத் தொட்டதும் வண்டியையே புரட்டிப் போட்டுவிட்டதாம். பின்னால் வந்த லாரிக்காரர் சுதாரித்து நிறுத்தியிராவிட்டால்... தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பட்டறைக்காரரை வரவழைத்து, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் டிரெய்லரைச் சரிபண்ணுங்கள் என்றானாம். விழுந்த விஷயம் மட்டும் அக்கா வீட்டுக்குத் தெரியவே கூடாது, மாமா மனசு கஷ்டப்படும் என்று ஒரே கண்டிப்பாம்.

செடிக்கடைக்காரர் பக்கத்தில் இருந்த துணி மூட்டைமேலேயே உட்கார்ந்தார்.

"அப்படியே அனுப்பியிருக்கலாமேப்பா. நான் பாத்திருப்பேனே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"எப்படி மாமா அனுப்புறது? நான் ஏதோ தப்பிச்சுட்டேன். அது ஆடும்னு உங்களுக்குத் தெரியாது. அக்காவைப் பின்னால வச்சுக்கிட்டு அந்த இறக்கத்துல வந்தீங்கன்னா?"

தம்பியின் கட்டுப் போட்ட தோளை மெல்லத் தடவிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எங்கடா உக்காந்தேன்? டிரெய்லர் மாட்டினா வண்டி ஆடும், நீ விழுந்து வைப்பேன்னு சொல்லி, உங்க மாமா என்னை எப்பவும் பஸ்லதானே அனுப்புவார்."