வெண்ணிலா விடைபெற்றாள்

"முகம் தெரியாதவங்ககிட்ட சாட் பண்ணாதீங்க. பண்ணிக்கிட்டிருந்தா இன்னையோட நிறுத்திடுங்க," என்றாள் கம்ப்யூட்டர் டீச்சர் தமயந்தி. பத்தாம் வகுப்பு தலையாட்டியது.

பெரம்பலூருக்கு அவள் புதிது. வாடகை அறையில் பேச ஆளில்லை. மாலையில் பிரவுசிங் சென்டருக்குப் போய், 'மல்லிகா' என்ற பெயரில், சென்னையில் வங்கி வேலை என்று சொன்ன வெண்ணிலாவோடு சாட்டில் பேசுவதுதான் ஒரே ஆறுதல்.

அன்று வெண்ணிலா முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. நான் பேங்க்ல வேலை பாக்கல. பெரம்பலூர்ல பத்தாவது படிக்கிறேன். தெரியாதவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு எங்க தமயந்தி மிஸ் சொல்லிட்டாங்க. இனிமே வரமாட்டேன்."

'நான்தாம்மா அந்த மிஸ்' என்று அடித்தாள் தமயந்தி. அனுப்பாமல் அழித்தாள்.

"மிஸ் சொன்னது சரிதாம்மா. இனிமே ஊர் பேரைக்கூட யார்கிட்டயும் சொல்லாத."

திரையில் வெண்ணிலாவின் பெயர் மங்கியது. எடுத்திருந்த ஒரு மணி நேரத்தில் இன்னும் ஐம்பது நிமிடம் மீதமிருந்தது.